நாற்பத்தேழு கூற்றுகள்: ஃபோர்ட்ரானும் நிரலாளரின் காலமும்

1957ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கூடிய கணிப்பொறி மாநாடு ஒன்றில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை அளித்தனர். கணித வாய்பாட்டைப் போலவே எழுதப்படும் நிரலை இயந்திரமே தனக்குரிய கட்டளைகளாகப் பெயர்த்துக்கொள்ளும் ஃபோர்ட்ரான் என்னும் முறைமையைப் பற்றியது அது. அதில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஒருநாள் பயிற்சி மட்டுமே பெற்ற நிரலாளர் ஒருவர், ஒரு கணக்கை 47 கூற்றுகளில் நான்கு மணி நேரத்தில் எழுதி முடித்தார். ஐ.பி.எம். 704 இயந்திரம் அவற்றை ஆறு நிமிடங்களில் ஏறத்தாழ 1000 இயந்திரக் கட்டளைகளாக மாற்றியது. ஓட்டிப் பார்த்தபோது விடை தவறாக வந்தது. அவர் நினைவகத்தின் அச்சுப்படி எதையும் புரட்டவில்லை. வெளிவந்த விடையை மட்டும் வைத்துக்கொண்டு பிழை எந்தக் கூற்றில் உள்ளது என்று கண்டறிந்தார். அதைத் திருத்தி மீண்டும் பெயர்க்கச் செய்தார். விடை சரியாக வந்தது. இதே வேலையைக் கையால் இயந்திர மொழியில் எழுதியிருந்தால் மூன்று நாள் பிடித்திருக்கும், பிழைதிருத்தத்துக்கு ஆகும் காலம் தனி, அப்படி எழுதியிருந்தாலும் நிரல் ஓடும் வேகத்தில் சொல்லத்தக்க ஆதாயம் இருந்திராது என்பது அவருடைய மதிப்பீடு.

ஒரு முறைமையை உருவாக்கியவர்களே தேர்ந்தெடுத்துக் காட்டும் ஒற்றை எடுத்துக்காட்டு அதன் பயனை அளக்கும் நல்ல கருவியன்று என்ற எச்சரிக்கையைப் பேக்கஸ் குழுவினர் அந்த இடத்திலேயே எழுதி வைத்தனர். பின்னாளில் நிரல்மொழிகளின் பெருமை பேசியோர் பலரும் எடுத்துக்காட்டைக் கடன் வாங்கினர், எச்சரிக்கையை விட்டுவிட்டனர். ஒரு மொழியும் அதனோடு வரும் கருவிகளும் மனித உழைப்பின் காலத்தை எவ்வளவு சுருக்குகின்றன என்னும் கேள்விக்கு அன்று தொட்டு இன்று வரை கிடைத்துவரும் விடைகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஃபோர்ட்ரானுக்கு முந்தைய நிலையை அறிந்தால்தான் அந்த மூன்று நாள் கணக்கின் பொருள் விளங்கும். இரண்டு எண்களைப் பெருக்கி மூன்றாவதைக் கூட்ட வேண்டுமென்றால், எந்த எண் நினைவகத்தின் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, எதை எப்பொழுது எடுத்து வருவது, இடைவிடையை எங்கே ஒதுக்கி வைப்பது என்பவற்றையெல்லாம் எழுதுபவரே தாளில் குறித்துக்கொண்டு கட்டளை கட்டளையாக அடுக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டளையைச் செருகினால் அதற்குப் பின்னுள்ள இட எண்கள் இடம் பெயரும். ஐ.பி.எம். 701 இயந்திரத்தில் இன்னொரு சுமையும் இருந்தது. பின்ன எண்களின் புள்ளியைத் தானே நகர்த்திக் கணக்கிடும் மிதவைப்புள்ளி வசதி அதன் வன்பொருளில் இல்லை. எண் எவ்வளவு பெரிதாகும், புள்ளி எங்கே நகரும் என்பதையும் மனிதரே கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சுமையைக் குறைக்க 1953இல் பேக்கஸ் உருவாக்கிய முறைமை ஸ்பீடுகோடிங். பெயரில் உள்ள வேகம் எழுதுவோருக்கு உரியது, இயந்திரத்துக்கு அன்று. ஒவ்வொரு கூற்றையும் ஓடும் நேரத்திலேயே விளக்கி நிறைவேற்றியதால் நிரல் பன்மடங்கு மெதுவாக ஓடியது. ஆயினும் அதைப் பொறுத்துக்கொண்டனர். மிதவைப்புள்ளிக் கணக்கை எப்படியும் மென்பொருளால்தான் செய்தாக வேண்டும் என்றிருந்த நிலையில், அதன் தாமதத்துக்குள் மொழியின் தாமதம் ஒளிந்துகொண்டது. அடுத்து வந்த 704இல் மிதவைப்புள்ளி வன்பொருளிலேயே அமைந்துவிட்டது. ஒளிந்துகொள்ள இடம் போயிற்று. இனி மெதுவான நிரலைத் தரும் எந்த மொழியையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்பதைப் பேக்கஸ் அப்போதே உணர்ந்துகொண்டார். ஃபோர்ட்ரானின் பிறப்புக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் அறிவுத் தாகத்தைக் காட்டுவர். இந்த வன்பொருள் மாற்றத்துக்குரிய இடம் அவ்வளவாக அளிக்கப்படுவதில்லை.

1953ஆம் ஆண்டின் இறுதியில் பேக்கஸ் தம் மேலதிகாரியான கத்பர்ட் ஹர்டுக்கு முன்வைத்த வாதம் முழுக்க முழுக்கப் பணக்கணக்கு. ஒரு கணிப்பொறி நிலையத்தில் நிரலாளர்களுக்காகும் செலவு, இயந்திரத்துக்காகும் செலவுக்குக் குறைவதில்லை. அந்த இயந்திரத்தின் நேரத்திலும் கால் பங்கு முதல் பாதி வரை பிழை தேடுவதிலேயே கழிகிறது. ஆக, நிலையத்தை நடத்தும் செலவில் முக்கால் பங்கு வரை நிரல் எழுதுவதற்கும் திருத்துவதற்குமே போகிறது. இயந்திரங்கள் மலிவாக ஆக இந்த விகிதம் இன்னும் மோசமாகும். எனவே எழுதும் காலத்தைக் குறைக்க முதலீடு செய்வது இலாபகரமானது. ஹர்ட் ஒப்புக்கொண்டார். மனித உழைப்பு இயந்திரத்தைவிட விலையுயர்ந்தது என்னும் முற்கோள் இந்த வாதத்தின் அடித்தளம். அமெரிக்காவில் அது உண்மை. எல்லா நாட்டிலும் உண்மையா என்பது வேறு கேள்வி.

குழு சிறியது. ஹார்லன் ஹெரிக், இர்விங் சில்லர், ஷெல்டன் பெஸ்ட், ராய் நட், கல்லூரியை முடித்துவிட்டு வந்திருந்த லோயிஸ் ஹைப்ட் முதலியோர் அதில் இருந்தனர். வேலை எப்போது முடியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆறு மாதம் என்றே விடை கூறப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்டவர்களுக்கும் அதே விடைதான். 1954 நவம்பரில் மொழியின் முதல் வரைவறிக்கை வெளிவந்தது. நிரல்பெயர்ப்பி, அதாவது கம்பைலர், பயனாளர் கைக்குச் சென்றது 1957 ஏப்ரலில். செலவான உழைப்பு 18 ஆள்-ஆண்டுகள் என்பர். இதில் மொழியை வடிவமைக்கச் சென்ற காலம் மிகக் குறைவு. கைதேர்ந்த நிரலாளர் எழுதுவதற்கு ஈடாக ஓடும் இயந்திரக் கட்டளைகளை உண்டாக்குவதற்கே பெரும்பகுதி செலவாயிற்று. பிறருடைய எழுதும் காலத்தைக் குறைக்கும் கருவியை எழுத அவ்வளவு காலம் ஆயிற்று என்பதில் ஒரு வேடிக்கை உண்டு.

ஐயம் கொண்டோர் பலர். இயந்திர மொழி அறிந்தவர்கள் தங்களை ஒரு மறைபொருளைக் காக்கும் குருக்கள் போலக் கருதியிருந்தனர் என்று பேக்கஸே பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஆனால் எதிர்ப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1958இல் 704 இயந்திரம் வைத்திருந்த 26 நிலையங்களில் கேட்டறிந்தபோது, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை தம் வேலைகளில் பாதிக்கு மேல் ஃபோர்ட்ரானில் செய்துகொண்டிருந்தன.

மொழி ஒன்று, அதன் கருவி வேறொன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி 1957 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் நடத்திய பெட்டிஸ் அணு ஆய்வகத்துக்கு, மேற்குறிப்பு எதுவுமின்றி ஒரு கட்டுத் துளையட்டைகள் வந்து சேர்ந்தன. ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்த ஹெர்பர்ட் பிரைட்டும் உடனிருந்தோரும், கையேடுகூட இல்லாமல் அதை இயந்திரத்தில் ஏற்றித் தம் சோதனை நிரலைக் கொடுத்தனர். விடைக்குப் பதிலாக ஒரு செய்தி அச்சாகி வந்தது. குறிப்பிட்ட கூற்றில் வலப்புற அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி இல்லை என்று அது தெரிவித்தது. பார்த்தால், உண்மையிலேயே காற்புள்ளி விடுபட்டிருந்தது. அதை இட்டு மீண்டும் ஓட்டியதும் நிரல் ஓடியது. இயந்திரம் தன் விடையால் மட்டுமன்றித் தன் கண்டனத்தாலும் மனிதருக்கு உதவ முடியும் என்பதை அங்கிருந்தோர் அன்று கண்டனர். இயந்திர மொழியில் அந்தக் காற்புள்ளிக்கு நிகரான பிழை நேர்ந்திருந்தால், அது எங்கோ ஓரிடத்தில் தவறான எண்ணாக உறங்கிக் கிடந்திருக்கும்.

எல்லாப் பிழையையும் அது அவ்வளவு நேர்மையாகச் சொல்லவில்லை. ஃபோர்ட்ரானில் சொல்லிடைவெளிக்கு மதிப்பில்லை. எங்கே இடம் விட்டாலும் விடாவிட்டாலும் நிரல்பெயர்ப்பிக்கு ஒன்றே. மாறிகளை முன்கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை. ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண், ஏனையவை பின்ன எண் என்று மொழியே முடிவு செய்துகொள்ளும். இரண்டும் எழுதுவோரின் உழைப்பைக் குறைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். ஆனால் ஒரு சுழற்சிக் கூற்றில் ஒன்று முதல் பத்து வரை என்பதைக் குறிக்க இட வேண்டிய காற்புள்ளிக்குப் பதிலாக ஒரு புள்ளி விழுந்துவிட்டால், சுழற்சிக்குரிய சொல்லும் எண்ணும் எழுத்தும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, யாரும் எண்ணிப் பாராத ஒரு புதிய மாறியின் பெயராக மாறிவிடும். அந்த மாறிக்கு ஒன்று தசமம் ஒன்று என்னும் மதிப்பு கொடுக்கப்பட்டதாக நிரல்பெயர்ப்பி புரிந்துகொண்டு, முணுமுணுக்காமல் மேலே செல்லும். சுழற்சி சுழலாது. சொற்பிரிப்பும் மெய்ப்புள்ளியும் இல்லாத பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோருக்கு இவ்வகைத் துன்பம் புதிதன்று; அங்கே படிப்பவர் ஐயுற்று நிற்பார், இங்கே படிக்கும் பொறிக்கு ஐயமே தோன்றாது என்பதுதான் வேறுபாடு. எழுதும்போது மிச்சப்படுத்திய நிமிடங்களைத் திருத்தும்போது மணிக்கணக்கில் திருப்பிச் செலுத்த நேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையை விலக்கிவிடலாம். 1962இல் அமெரிக்காவின் மரைனர் 1 விண்கலம் அழிந்ததற்கு இந்தப் புள்ளிப் பிழையே காரணம் என்று பாடநூல்கள் சிலவும் சொல்வதுண்டு. அது உண்மையன்று. வழிகாட்டும் சமன்பாட்டைப் படியெடுத்தபோது ஓர் எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய கோடு விடுபட்டதே அங்கே நேர்ந்த பிழை.

1958இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் 2, மொழியில் செய்த மாற்றத்தால் வேலைமுறையையே மாற்றியது. முதற்பதிப்பில் ஒரு நிரல் எவ்வளவு பெரிதானாலும் அது ஒரே துண்டு. ஓர் எழுத்தை மாற்றினாலும் முழுவதையும் மறுபடி பெயர்க்க வேண்டும். இயந்திர நேரம் மணிக்கணக்குக்கு விலை பேசப்பட்ட காலத்தில் அது சிறிய செலவன்று. இரண்டாம் பதிப்பில் துணைநிரல்களைத் தனித்தனியே பெயர்த்து, பெயர்த்தவற்றைப் பின்னர் இணைக்கலாம். பிழையுள்ள துணைநிரலை மட்டும் மாற்றினால் போதும். ஒருவர் எழுதித் தேர்ந்த துணைநிரலை மற்றொருவர் அட்டைக்கட்டாகவே வாங்கிச் செல்லவும் முடிந்தது. நிரலகம் என்னும் கருத்து நடைமுறையில் வேர்பிடித்ததற்கு இந்த ஏற்பாடு பெரிதும் துணை செய்தது. வாய்பாட்டைப் போல எழுதும் வசதியைக் காட்டிலும் இதுவே வேகத்துக்குப் பெரிய கொடை எனலாம். ஆனால் புகழ் முன்னதற்கே போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் இக்கதை வேறு வரிசையில் நடந்தது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955இல் பிரிட்டனிலிருந்து வந்த ஹெக்-2எம் என்னும் கணிப்பொறியின் விலை ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய். சுழலும் உருளையில் 1024 சொற்கள் மட்டுமே கொண்ட நினைவகம் உடைய அதற்கு இயந்திர மொழியில்தான் நிரல் எழுத வேண்டும். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உள்நாட்டிலேயே கட்டப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் இதனினும் பெரியது. 2048 சொற்கள் கொண்ட காந்தக்கரு நினைவகம் உடையது. அதைக் கட்டிய பொறியாளர்களின் திறமைக்கு அது சான்று. ஆனால் அதைப் பயன்படுத்த விரும்பிய இயற்பியலாளர் முதலில் அதன் கட்டளைகளைக் கற்றுத் தேற வேண்டியிருந்தது. கற்றது வேறெந்த இயந்திரத்திலும் பயன்படாது. இரண்டு இயந்திரங்கள் இருந்தன என்பதைவிட, இரண்டு சிறு குழுக்கள் இருந்தன என்று சொல்வதே பொருந்தும்.

பேக்கஸின் பணக்கணக்கு இங்கே தலைகீழாக நின்றது. இயந்திரமோ அந்நியச் செலாவணி கொடுத்து, பல அனுமதிகளைப் பெற்று இறக்குமதி செய்யப்படுவது. கணிதமோ இயற்பியலோ படித்த இளைஞரின் மாதச் சம்பளம் அதன் முன் ஒரு பொருட்டன்று. நிரலாளரின் நேரத்தை மிச்சப்படுத்த இயந்திரத்தின் நேரத்தைச் செலவிடும் நிரல்பெயர்ப்பி இத்தகைய நாட்டுக்கு ஊதாரித்தனம் என்று ஒருவர் வாதிட்டிருந்தால், கணக்கின்படி அவரை எளிதில் மறுத்திருக்க முடியாது. மனித உழைப்பு மலிவாக உள்ள இடத்தில் மனித நேரத்தைக் குறைக்கும் கருவி எதற்கு?

இதற்கான விடை கான்பூரில் கிடைத்தது. அதுவும் பணக்கணக்காக அன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதின் கூட்டுதவியோடு வளர்ந்துகொண்டிருந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இல் ஐ.பி.எம். 1620 இயந்திரம் வந்தது. அதனுடன் ஃபோர்ட்ரானும் வந்தது. ஹாரி ஹஸ்கி முதலிய அமெரிக்கப் பேராசிரியர்கள் உடனிருந்து பயிற்சி அளித்தனர். அதே ஆண்டு அங்கே ஆசிரியப் பணியில் சேர்ந்தவர் ஈரோட்டில் பிறந்த வைத்தீசுவரன் ராஜாராமன். இளநிலை மாணவர்களுக்கு நிரலெழுதுதல் பாடமாயிற்று. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் சில நாள்களில் முடியும் குறும்பயிற்சிகள் நடத்தப்பட்டன.

சில நாள்களில் முடியும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இயந்திர மொழியைச் சில நாள்களில் கற்பித்து, கட்டடப் பொறியாளர் ஒருவரை அவருடைய சொந்தக் கணக்கை எழுதுமாறு அனுப்பிவைக்க இயலாது. ஃபோர்ட்ரானில் அது இயன்றது. அவர் கற்க வேண்டியவை சில கூற்றுவகைகளும் விடையை அச்சிடும் முறையும் மட்டுமே. கணிதம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் இருந்த நிரலாளர்களின் வேகத்தைக் கூட்டியது என்றால், இந்தியாவில் அது நிரலாளர் அல்லாதவரை நிரலாளராக்கியது. ஒரு வேலையை மூன்று நாளிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைப்பது ஒருவகை. அந்த வேலை நடக்கவே வழியில்லாதிருந்த இடத்தில் அதை நடக்கச் செய்வது வேறுவகை. பின்னதை எந்த வேக அளவீடும் பதிவு செய்வதில்லை. வகுக்க வேண்டிய பழைய எண் அங்கே இல்லை.

1620ஐப் பற்றி மிகையாக எண்ணிக்கொள்ளவும் கூடாது. அது தசம எண்களில் இயங்கிய சிறிய இயந்திரம். அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள். கூட்டுவதற்கென்று அதில் தனிச் சுற்று கிடையாது; நினைவகத்தில் வைக்கப்பட்ட வாய்பாட்டைப் பார்த்தே கூட்டும். அக்காலப் பொறியாளர்கள் இதைக் கேலி செய்து பெயர் சூட்டியதும் உண்டு. வட்டு இல்லாத 1620இல் ஃபோர்ட்ரான் 2 நிரலை ஓட்ட வேண்டுமானால், நிரல்பெயர்ப்பியின் முதற்பகுதி அட்டைகளை ஏற்றி, தம் நிரலட்டைகளைக் கொடுத்து, இயந்திரம் துளையிட்டுத் தரும் இடைநிலை அட்டைகளை எடுத்து, இரண்டாம் பகுதியை ஏற்றி, அந்த இடைநிலை அட்டைகளை ஊட்டி, பெயர்க்கப்பட்ட கட்டை வாங்கி, அதைத் துணைநிரல் அட்டைகளோடு சேர்த்து ஏற்றிய பிறகே முதல் விடையை எதிர்பார்க்கலாம். இவ்வளவும் முடிந்து ஒரு காற்புள்ளிப் பிழை வெளிப்பட்டால், மறுபடி முதலிலிருந்து. மொழி எவ்வளவு விரைவாக எழுத விட்டாலும், அட்டைகள் நடக்கும் வேகத்தில்தான் வேலை நடந்தது. இந்த அலைச்சலைத் தவிர்க்கவே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1620க்கென ஃபோர்கோ என்னும் முறைமை எழுதப்பட்டது. அது இடையில் அட்டை எதையும் துளைக்காமல் நேரே நினைவகத்தில் பெயர்த்து உடனே ஓட்டிவிடும். மொழி அதேதான், கருவி மாறியதால் மாணவரின் காத்திருப்புக் குறைந்தது.

1964இல் டாடா நிறுவனத்தில் சி.டி.சி. 3600 என்னும் பேரியந்திரம் நிறுவப்பட்டபின் காத்திருப்புக்கு வேறொரு வடிவம் கிடைத்தது. ஓட்டும் வேகம் மிகுதி; ஆனால் நாட்டின் பல நிறுவனங்களும் அதை நாடின. வெளியூர் ஆய்வாளருக்கு நிரல் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அட்டைகள் பம்பாய் சேர்ந்து, வரிசையில் நின்று, ஓடி, விடைத்தாள் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பிழை வீதம் வெளிப்படுமானால் ஐந்து பிழைக்கு ஐந்து சுற்று. ஆகவே இங்குள்ளோர் தாளிலேயே நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டனர். அது பொறுமையின் பெருமை என்று பின்னாளில் நினைவுகூரப்படுகிறது. கருவியின் குறையை மனிதர் தம் மூளையால் ஈடுகட்டியதே அது; பெருமை இருக்கலாம், இழந்த காலமும் அதற்குள் இருக்கிறது.

மொழியும் கருவியும் தரும் வேகத்தை முறையாக அளக்கும் முயற்சிகள் 1960களில் தொடங்கின. 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, அனுபவம் மிக்க 12 நிரலாளர்களை வைத்து, இயந்திரத்தோடு நேரடியாக உரையாடி வேலை செய்வதையும் அட்டைக்கட்டைக் கொடுத்துக் காத்திருப்பதையும் ஒப்பிட்டது. ஒப்பீட்டின் விடையை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பிழைதிருத்தத்தில் மிகத் திறமையானவருக்கும் மிக மெதுவானவருக்கும் இடையே 28க்கு 1 என்னும் வேறுபாடு இருந்தது என்னும் பக்கக் கண்டுபிடிப்பே புகழ்பெற்றது. தனிமனிதத் திறமையே எல்லாம், கருவி ஒரு பொருட்டன்று என்று வாதிப்போருக்கு அந்த எண் மந்திரம் போலாயிற்று. பின்னர் அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்தோர், எண்ணுக்குள்ளேயே ஒரு கலப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டினர். பங்கேற்றோர் அனைவரும் ஒரே மொழியில் எழுதவில்லை; சிலர் உயர்நிலை மொழியிலும் சிலர் இயந்திரத்தை ஒட்டிய மொழியிலும் எழுதியிருந்தனர். மொழியால் நேர்ந்த வேறுபாட்டின் ஒரு பகுதி, மனித வேறுபாடு என்னும் பெயரில் எண்ணப்பட்டுவிட்டது.

மற்றோர் எண் ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் உள்ளது. மல்டிக்ஸ் முறைமையை எழுதிய எம்.ஐ.டி. குழுவின் கணக்கை, அதன் தலைவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தந்த தகவல்களிலிருந்து புரூக்ஸ் எடுத்துக்காட்டுகிறார். ஒரு நிரலாளர் ஓராண்டில் எழுதித் திருத்தி முடித்தவை, பிஎல்/1 என்னும் உயர்நிலை மொழியில், சராசரியாக 1200 வரிகள். இயந்திரத்தை ஒட்டிய மொழியில் எழுதியோரின் வரிக்கணக்கும் இதே அளவை ஒட்டியே இருந்தது. ஆனால் உயர்நிலை மொழியின் ஒரு கூற்று, இயந்திரக் கட்டளைகள் பலவற்றுக்கு ஈடு. எனவே தக்க மொழியால் ஆக்கத்திறன் ஐந்து மடங்கு வரை உயரலாம் என்பது புரூக்ஸின் முடிவு. மொழியியல் நோக்கில் பார்த்தால் அந்த மடங்கைவிட மாறாத அளவே வியப்புக்குரியது. மனிதர் ஒரு நாளில் கையாளக்கூடிய கூற்றுகளின் எண்ணிக்கை மொழிக்கு மொழி அவ்வளவாக மாறுவதில்லை. ஒவ்வொரு கூற்றும் சுமக்கும் பொருளின் அளவுதான் மாறுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் சொல்லப்பட்ட 47 கூற்றுகளையும் 1000 கட்டளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கருவிகளை எழுதும் வேகமே எப்படிக் கூடியது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு கிளை. ஃபோர்ட்ரானின் இலக்கணம் முதலில் எங்கும் முறையாக எழுதி வைக்கப்படவில்லை; கையேட்டின் உரைநடையிலும் நிரல்பெயர்ப்பியின் போக்கிலுமே அது இருந்தது. 1959இல் பாரிசில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில், அல்கால் என்னும் மொழிக்காகப் பேக்கஸ் ஒரு விதிக் குறியீட்டை முன்வைத்தார். பீட்டர் நவுர் அதைச் செப்பம் செய்து 1960ஆம் ஆண்டின் அல்கால் அறிக்கையில் பயன்படுத்தினார். 1967இல் இங்கர்மன் என்பவர் ஒரு கணிப்பொறி இதழுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய குறியீட்டைப் பாணினி முன்பே கையாண்டிருப்பதால் இதற்குப் பாணினி-பேக்கஸ் வடிவம் என்று பெயரிடலாம் என்று முன்மொழிந்தார். ஒப்புமை உண்டு, மரபுத் தொடர்ச்சி இல்லை. பேக்கஸ் தமக்கு முன்னோடியாகக் குறிப்பிட்டது எமில் போஸ்ட் என்னும் கணித அறிஞரை. பாணினியின் விதிகள் பல, சூழலைப் பார்த்துச் செயல்படுபவை. பேக்கஸின் விதிகள் சூழலைப் பாராதவை. சமஸ்கிருதமே கணிப்பொறிக்கு ஏற்ற மொழி என்று அவ்வப்போது பரவும் செய்தி, 1985இல் ரிக் பிரிக்ஸ் அறிவைக் குறியீடாக்குவது பற்றி எழுதிய ஒரு கட்டுரையைப் பெரும்பாலும் படிக்காமலேயே மேற்கோள் காட்டுவதால் எழுவது. பாணினியின் பெருமைக்கு அந்தத் துணை தேவையுமில்லை.

இலக்கணத்தை விதிகளாக எழுதிவிட்டால், அவ்விதிகளைப் பின்பற்றியே நிரல்பெயர்ப்பியின் பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது 1960களில் தெளிவாயிற்று. 18 ஆள்-ஆண்டு உழைப்பை விழுங்கிய வேலை, பிற்காலத்தில் மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்துமுடிக்கும் பயிற்சியாகச் சுருங்கியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965 கோடையில் இளநிலை மாணவர் நால்வர், ஐ.பி.எம். 7040 இயந்திரத்துக்கு வாட்ஃபார் என்னும் ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பியை எழுதினர். பேக்கஸ் குழு உயிரைக் கொடுத்துத் தேடிய ஓட்ட வேகத்தை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. மாணவரின் நிரல் பெரும்பாலும் ஒரே முறை சரியாக ஓடும், பிழையோடு பலமுறை ஓடும் என்பதை அவர்கள் மாணவர்களாகவே அறிந்திருந்தனர். ஆகவே பெயர்ப்பது விரைவாகவும் பிழைச்செய்தி தெளிவாகவும் இருக்கும்படி அதை அமைத்தனர்.

கான்பூருக்கு 1966இல், அந்த 7040க்கு நெருங்கிய உறவான ஐ.பி.எம். 7044 வந்தது. அப்போது அங்கே முதுநிலை மாணவர்கள் கணிப்பொறி இயலைத் தனிப்பிரிவாகப் படிக்கத் தொடங்கியிருந்தனர். வகுப்புக்காகத் தயாரித்த பாடக்குறிப்புகளைத் திரட்டி ராஜாராமன் 1969இல் வெளியிட்ட நிரலெழுதுதல் பாடநூல், மாணவர் வாங்கும் விலையில் வந்தது. கணிப்பொறியே இல்லாத கல்லூரிகளுக்கும் அது சென்றது. அங்கே மாணவர்கள் கட்டமிட்ட தாளில் ஃபோர்ட்ரான் எழுதினர். ஆறாம் கட்டம் வரை கூற்று எண்ணுக்கும் தொடர்ச்சிக் குறிக்கும் ஒதுக்கி, ஏழாம் கட்டத்தில் கூற்றைத் தொடங்கினர். எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினார்.